யாழ்ப்பாணத்தில் சேகரிப்புக்கும் வீட்டுப் பாதுகாப்புக்கும் என்ன துவக்கு வாங்கலாம்?

கேட்டவர் கனடாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஊரோடு வரப்போகிறாராம். கோண்டாவிலில் வீடு கட்டி முடிகிற நிலை. கனடாவில் ஒரு .22 றைபிள் (சின்ன ரவை போடுகிறது), ஒரு சொட்கன், மான் வேட்டைக்கு ஒரு பெரிய றைபிள் வைத்திருந்தவர். பிஸ்டல் ஒன்றும் வாங்க நினைத்த நேரம், 2022 ஒக்டோபரில் அங்கே கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஊரில் அந்தக் குறையையும் தீர்த்து, அளவான ஒரு சேகரிப்பும் இரவுக்கு ஒரு துணையும் வைக்கலாமா என்று கேட்கிறார்.

அண்ணை, அந்தப் பிஸ்டல் ஆசையை ரொறன்ரோவிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறுங்கோ. கனடாவை விட இறுக்கமான இடத்துக்குத்தான் வாறீங்கள்.

இங்கே துவக்குச் சட்டம் 1916 இல் வெள்ளைக்காரன் போட்டது. 1996 இல் திருத்தித் தண்டனைகளைக் கூட்டினார்கள். அங்கே மாதிரி ஆளுக்கு ஒரு லைசன்ஸ் எடுத்துவிட்டுக் கடையில் போய்த் தெரிவு செய்கிற முறை இல்லை. இன்ன துவக்கு, இன்ன தேவைக்கு என்று கேட்டு எழுதவேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்குச் சொட்கன் என்றால் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், வழியாகப் போகும். உயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சு. ‘என்ன தேவைக்கு?’ என்பதுதான் அவர்கள் கேட்கிற முதற் கேள்வி. ‘பார்க்க வடிவாய்க் கிடக்கு, நாலு விதமாய் வாங்கி அடுக்கப்போறன்’ என்று அதற்குப் பதில் எழுத ஏலாது. பிஸ்டல், ரிவோல்வர் கேட்டால் உங்கள் உயிருக்கு உண்மையில் அச்சுறுத்தல் இருக்கிறது என்று காட்டவேண்டும். தானியங்கி வகை சாதாரண ஆளுக்கு இல்லவே இல்லை.

கிடைத்தாலும் அதோடு முடியாது. லைசன்ஸ் டிசம்பர் 31 வரைக்கும்தான், வருசா வருசம் புதுப்பிக்கவேண்டும். 2024 நவம்பரில், உயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுத்திருந்த துவக்குகளை எல்லாம் கொண்டுவந்து ஒப்படையுங்கள், திரும்பப் பரிசீலிக்கப்போகிறோம் என்று பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. உங்கள் துவக்கு உங்கள் கையில் இருப்பது வருசத்துக்கு வருசம் மாறக்கூடிய விசயம்.

அங்கே ‘நாலும் இருந்தால்தான் நிறைவான சேகரிப்பு’ என்று சொல்வதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. .22 மலிவாகச் சுட்டுப் பழக. சொட்கன் பறவைக்கு. பெரிய றைபிள் மானுக்கு. பிஸ்டல் றேஞ்சில் குறி பார்த்துச் சுட. ஒவ்வொன்றுக்கும் சுடுகிற இடமும் பருவமும் ரவை விற்கிற கடையும் அங்கே இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் .22 றைபிளை வைத்து எங்கே சுடப்போகிறீர்கள்? செம்மணி வெளியில் நின்று ஒரு வெடி வைத்தால் அடுத்த கால் மணித்தியாலத்தில் உங்களைச் சுற்றி எத்தனை வாகனம் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டாவும் நினைத்த நேரம் நினைத்த அளவு வாங்குகிற சாமான் இல்லை. ஆனையை வாங்கிப்போட்டு அங்குசத்துக்கு அலைந்த கதைதான்.

ஆகவே நடைமுறையில் மிஞ்சுவது ஒன்று, 12 போர் சொட்கன் (போர் என்றால் குழல் துவாரத்தின் அளவு). அதுவும் உங்களுக்கு வயலோ தோட்டமோ இருந்து, பன்றி வந்து கிண்டுகிறது என்று காட்ட முடிந்தால். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது.

அம்மப்பாவுக்குப் பரந்தனில் வயல். பன்றிக் காவலுக்கென்று லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தது கிரீனர் கொம்பனியின் ஒற்றைக்குழல் ஒன்று. பர்மிங்காமில் செய்தது. இரட்டைக்குழல் துவக்கு மாதிரி நடுவில் முறியாது. கைப்பிடிக்குக் கீழே இருக்கிற லீவரைக் கீழே தள்ளினால் பின்பக்கத்து அடைப்புக்கட்டை இறங்கும், தோட்டாவைச் செருகி லீவரை மேலே இழுத்தால் ‘டக்’ என்று பூட்டும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 12 போர் என்பதன் கணக்கையும் அவர்தான் சொல்லித் தந்தார். குழலுக்குச் சரியாகப் பொருந்துகிற ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல். 16 போருக்குப் பதினாறு குண்டு, ஆகையால் குழல் சின்னன். நம்பர் கூடக் கூடத் துவாரம் ஒடுங்குவது அதனால்தான்.

பராமரிப்பில் மனுசன் கடும் கவனம். தேங்காய் எண்ணெய் பூச விடமாட்டார், அது காய்ந்து பிசினாகி லீவரை இறுக்கிவிடும் என்பார். தையல் மெசின் எண்ணெய்தான். எங்கள் உப்புக் காற்றுக்கு இரண்டு கிழமை துடைக்காமல் விட்டால் குழலுக்குள் சிவப்பாய்ப் பூக்கும்.

உங்களுக்குத் தகப்பன் வழி, பாட்டன் வழி ஒரு பழைய சொட்கன் லைசன்சோடு கைமாறி வருகிற சந்தர்ப்பம் இருந்தால் (மாற்றி எழுதாமல் தொடக்கூடாது, அது வேறு கதை) இரண்டு விசயம் பாருங்கள். குழலின் மேல் பின்னல் மாதிரிக் கோலம் தெரிந்தால் அது இரும்பும் உருக்கும் முறுக்கிச் செய்த பழைய டமஸ்கஸ் குழல். பெரும்பாலும் கரிமருந்துக் காலத்துச் சாமான். இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கைக்குக் கிட்டவே வெடிக்கலாம். அடுத்தது, குழலில் தோட்டா இருக்கிற அறையின் நீளம். பழைய ஆங்கிலத் துவக்குகள் பலதுக்கு இரண்டரை அங்குல அறை. இப்போது வருகிற 70 மில்லிமீற்றர் தோட்டா அதற்குள் வழுவழுவென்று போகும், ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். உள்ளே போகிறதே, சரிதானே என்று நம்பக்கூடாது.

சரி, இரவுத் துணை. அம்மப்பா துவக்கை மாமரப் பெட்டகத்துக்குப் பின்னால், தோட்டாவை அறைவீட்டில் நெல்லுப் பெட்டிக்குள் வைத்திருந்தார். பிள்ளைகள் உள்ள வீடு, வேறு மாதிரி வைக்க ஏலாது. ஒருநாள் சாமத்தில் நாய் விடாமல் குரைத்தது. அவர் எழும்பி, லாம்பைத் தேடி, நெல்லுக்குள் கை விட்டுத் தோட்டாவைத் துழாவி, துவக்கை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வர அம்மம்மா படலையடியில் நின்று சிரிக்கிறா. பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி. ‘துவக்கை வையுங்கோ, கயித்தை எடுங்கோ’ என்றாவாம். பூட்டிப் பத்திரமாக வைத்த துவக்கு ஆபத்துக்கு உதவாது, உதவுகிற மாதிரி வைத்த துவக்கு பேரப்பிள்ளை கையில் அகப்படும். எந்த நாட்டிலும் இந்தச் சிக்கல்தான். எங்கள் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது. பரப்புக் கணக்கில் துண்டாடிய காணிகள், நடுவில் தகரமோ கிடுகோ வேலி. பன்றிக்கென்று போடுகிற தோட்டாவுக்குள் இருக்கிற பெரிய சன்னம் (ஈய உருண்டை) ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீற்றருக்கு மேல். கள்ளனில் பட்டது போக மிச்சம் பக்கத்து வீட்டுக் குசினிக்குள்தான் போய் விழும்.

சட்டம் உங்களைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலேயே தற்காப்பு உரிமை இருக்கிறது. இரவில் வீடுடைக்கிறவன், கொள்ளையடிக்க வாறவன் விசயத்தில் அது கடைசி எல்லை வரைக்கும் போகும். ஆனால் தேவைக்கு மேலே ஒரு பங்கு தீங்கு செய்யக்கூடாது, பொலிசிடம் போக அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை. மதிலேறி ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு இதைச் சொல்லித் தப்ப முடியாது. வன்னிப் பக்கத்தில் பன்றிக்கு வைக்கிற மாதிரி வேலியில் கம்பி இழுத்துக் கட்டுத்துவக்கு வைப்பதோ முழுக் குற்றம். அதில் கால் இழந்தவர்களில் பலர் விறகுக்குப் போன ஆட்கள்.

அந்தக் கிரீனருக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்வதில் பாதிக்கு அதுதான் காரணம். எண்பதுகளின் நடுவில் ஒரு பின்னேரம் இரண்டு இயக்கப் பொடியள் சைக்கிளில் வந்தார்கள். எந்த வீட்டில் லைசன்ஸ் துவக்கு இருக்கிறது என்று அவர்களிடம் பட்டியல் இருந்தது. ‘ஐயா, துவக்கு வேணும்’ என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். அம்மப்பா எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தார். இல்லை என்று சொல்லுகிற காலமா அது. ஊரில் கனபேரின் சொட்கன் அப்படித்தான் போனது.

பத்து வருசம் கழிய, 1996 இல் ஒரு விடியற்காலை ஆமியின் சுற்றிவளைப்பு. வந்தவர்களிடமும் ஒரு பட்டியல். ‘துவக்கு எங்கே?’ இல்லாத துவக்கை எப்படிக் காட்டுவது? அம்மப்பா செத்து நாலு வருசம். மாமா முழங்காலில் நிற்க, அம்மம்மா பழைய லைசன்ஸ் புத்தகத்தையும் மரணச் சான்றிதழையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் வெயிலில் நின்றா. எனக்குப் பதினாலு வயது. அவவிடம் வெடித்து முடிந்த ஒரு தோட்டாக் கோது இருந்தது, சிவப்புக் கடதாசி உடம்பு, பித்தளை அடி. மெழுகால் வாயை அடைத்துத் தையல் ஊசி போட்டு வைத்திருந்தா. அவர்கள் அடுத்த வளவுக்குப் போன கையோடு அதைக் கொண்டுபோய்க் கிணற்றுக்குள் போடச் சொல்லி என்னிடம் தந்தா, ஊசிகளோடேயே. 2011 இல் கிணறு இறைத்துச் சேறு அள்ளியபோது பித்தளை அடி மட்டும் வந்தது. ‘ஈலி, 12’ என்று கொம்பனிப் பெயரும் போர் அளவும் சுற்றிவர வாசிக்கலாம். என் மேசையில் கிடக்கிறது.

சேகரிப்பு ஆசை அடங்கவில்லை என்றால் பழையதைப் பாருங்கள், கையில் வைத்திருக்க அல்ல, கண்ணால் பார்க்க. நெதர்லாந்துக்காரர் 1765 இல் கண்டியில் அள்ளிக்கொண்டு போன சின்னப் பீரங்கி 2023 இல் திரும்பி வந்தது. வெண்கலத்தில் வார்த்து, பொன்னும் வெள்ளியும் கெம்பும் பதித்தது. கொழும்பு நூதனசாலையில் ஒரு நாள் ஒதுக்கலாம். யாராவது ‘ஒல்லாந்தர் காலத்துத் துவக்கு ஒண்டு இருக்கு, மலிவாய்த் தாறன்’ என்று வந்தால் காசை நீட்டாதீர்கள். 1815 மார்ச் 2 க்கு முந்தியது என்றால் தொல்பொருள் கணக்கில் வரும், அதற்குப் பிந்தியது என்றால் துவக்குச் சட்டம், பழசே இல்லை என்றால் அநேகமாகப் போலிச் சாமான். சுடுகிற விளையாட்டுத்தான் வேண்டும் என்றால் கொழும்புப் பக்கத்தில் அதற்கான சங்கங்கள் இருக்கின்றன. காற்றுத்துவக்கைக் கூட பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கட்டுநாயக்காவில் இறங்காதீர்கள். முதலில் அமைச்சுக்கு எழுதிக் கேளுங்கள். உங்கள் மூன்றையும் அங்கேயே முறையாக விற்றுவிட்டு வாருங்கள்.

அந்தக் காசில் ஒழுங்கைப் பக்கத்து மதிலுக்கு இரண்டு சென்சர் லைட், உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிற இரும்புக் கிறில், இரண்டு ஊர் நாய். வெளிநாட்டு இனம் வேண்டாம், வெயிலுக்கு இளைத்துப் படுத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரோடு எல்லை வேலிக் கதையை முதல் மாதமே முடித்துக்கொள்ளுங்கள். சாமத்தில் நீங்கள் கத்தினால் முதலில் வருவது 119 பொலிஸ் அல்ல, அவர்தான்.

மலசலகூடக் குழி இன்னும் வெட்டவில்லை என்றால் மேசன்மாருக்கு ஒன்று சொல்லி வையுங்கள். மண்ணுக்குள் பொலித்தீனால் சுற்றின எது வந்தாலும், சண்டைக் காலத்தில் புதைத்த ஆயுதமாயிருக்கலாம், பிரிக்க வேண்டாம், அலவாங்கை அப்படியே போட்டுவிட்டு ஆட்களை வெளியே கூப்பிட்டுப் பொலிசுக்குச் சொல்லவேண்டும். போன வருசம் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் வீட்டில் அப்படி வந்தது. அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் இரண்டு நாள் வேலை நின்றது, சீமெந்து இரண்டு பை கட்டிபட்டுப் போனது, வேறொன்றும் இல்லை.