மினியோட ஹைட்ரோலாஸ்டிக்கை ரப்பருக்கு மாத்தறது: கோன் மட்டும் வாங்கினா போதுமா?

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "என்கிட்ட 1967 மாடல் மினி இருக்கு, ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷன். இடது பக்கம் முன்னாடி பின்னாடி ரெண்டும் சேர்ந்தே தாழ்ந்துடுது, பம்ப் பண்ணி ஏத்தினாலும் ஒரு வாரத்துல திரும்ப உக்காந்துடுது. பேசாம ரப்பர் கோன் வாங்கி மாட்டிடலாமா?"

மாத்தலாம், ஆனா கோனை (ஸ்பிரிங்குக்குப் பதிலா வர்ற கூம்பு வடிவ ரப்பர்) மட்டும் வாங்கிட்டு வந்தீங்கன்னா பாதி வேலைல வண்டி ஸ்டாண்டு மேலயே நின்னுடும்.

முதல்ல ஒரு விஷயம். ஹைட்ரோலாஸ்டிக்னா ரப்பரோட ஃப்ளூயிட்டும் சேர்ந்து வண்டியைத் தாங்கற சஸ்பென்ஷன், ஒவ்வொரு வீலுக்கும் இருக்கற ஃப்ளூயிட் நிறைஞ்ச ரப்பர் யூனிட்தான் டிஸ்ப்ளேசர். ஒரே பக்கத்து முன் வீல் டிஸ்ப்ளேசரும் பின் வீல் டிஸ்ப்ளேசரும் ஒரே பைப்ல சேர்ந்திருக்கு, முன் வீல் மேட்டுல ஏறினா ஃப்ளூயிட் பின்னாடி ஓடி பின்பக்கத்தையும் தூக்கும், அதனாலதான் வண்டி தலையாட்டாம போகுது, அதனாலதான் ஒரு இடத்துல லீக் ஆனாலும் அந்தப் பக்கம் முழுசும் இறங்குது. அதனால டிஸ்ப்ளேசர்லேர்ந்து வர்ற ஹோஸோட கிரிம்ப்பையும் (ஹோஸ் நுனியை இறுக்கிப் பிடிச்சிருக்கற உலோக வளையம்), அடில போற இரும்பு பைப்பையும் கைல தடவிப் பாருங்க. ஈரமா பிசுபிசுன்னு இருந்தா அதை மட்டும் மாத்தறது எவ்வளவோ சுலபம், வண்டி ஒரிஜினலாவும் இருக்கும். நானா இருந்தா முதல்ல அதைத்தான் பண்ணுவேன்.

சரி, முடிவு பண்ணிட்டீங்கன்னா கேளுங்க. 1959-ல மினி வந்தப்போ அலெக்ஸ் மோல்டன் டிசைன் பண்ணின ரப்பர் கோன்தான் இருந்துச்சு, 1964-லதான் சலூன்ல ஹைட்ரோலாஸ்டிக் வந்துச்சு, வேனும் பிக்கப்பும் கடைசி வரைக்கும் ரப்பர்லயே ஓடுச்சு. ஆனா ஒண்ணைக் கழட்டிட்டு அதே இடத்துல இன்னொண்ணை வைக்க முடியாது. டிஸ்ப்ளேசர் உக்கார்ற இடம் வேற, கோன் உக்கார்ற இடம் வேற, முன்பக்கம் வீலைப் பிடிச்சிருக்கற மேல் ஆர்மும் வேற. அதனால முன்னாடி பின்னாடி ரெண்டு சப்ஃப்ரேமையும் (சஸ்பென்ஷனைத் தாங்கற இரும்புச் சட்டம்) ஆர்ம், டிரம்பெட் (கோனுக்கும் ஆர்முக்கும் நடுவுல வர்ற குழல்), நக்கிள் ஜாயிண்ட் (அதோட நுனியில வர்ற பந்து மூட்டு) எல்லாத்தோடயும் ஒரே ட்ரை வண்டிலேர்ந்து, அதாவது ரப்பர் கோன் வண்டிலேர்ந்து, செட்டா எடுங்க. அதுவும் 1976-க்கு முந்தின வண்டியா பாருங்க, அதுக்கப்புறம் வந்த முன் சப்ஃப்ரேம்ல டவருக்கு (ரெண்டு பக்கமும் மேல எழும்பி நிக்கற பாகம்) ஒரே பெரிய போல்ட்தான், உங்க வண்டில டவருக்கு ரெண்டு போல்ட், சேராது.

நிறைய பேர் மறக்கறது ஷாக் அப்சார்பர். ஹைட்ரோலாஸ்டிக்ல டேம்பிங் (வண்டி குதிக்காம அடக்கறது) டிஸ்ப்ளேசருக்குள்ள இருக்கற வால்வுலயே நடந்துடுது, தனியா ஷாக் கிடையாது. வெறும் ரப்பரை மாட்டி ஓட்டினா வண்டி பந்து மாதிரி குதிக்கும், ரோட்டுல பிடிமானமே இருக்காது. அதனால நாலு ஷாக், முன்னாடி இன்னர் விங்ல வர்ற பிராக்கெட், ஆர்ம்ல ஷாக்கை மாட்டற பின் (ஆணி) எல்லாம் வேணும். பின்னாடி இடது ஷாக்கோட மேல் நட்டு பெட்ரோல் டேங்குக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும், டேங்கை நகர்த்தினாதான் ஸ்பேனர் போகும்.

கழட்டறதுக்கு முன்னாடி பிரஷரை இறக்கியே ஆகணும், தயவுசெஞ்சு இதுல அவசரப்படாதீங்க. உள்ள 200 பிஎஸ்ஐக்கு மேல இருக்கும், அந்த ஃப்ளூயிட்ல ஆல்கஹால் கலந்திருக்கு, விஷம். கண்ணாடி, கிளவுஸ் போட்டுக்கிட்டு, பம்ப் பண்ற வால்வு மேல துணியைச் சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. சீறல் நின்னு வண்டி பம்ப் ஸ்டாப் (முழுசா இறங்கினா முட்டி நிக்கற ரப்பர் கட்டை) மேல உக்கார்ற வரைக்கும் எந்த ஜாயிண்ட்லயும் ஸ்பேனர் வைக்கக்கூடாது.

பின் சப்ஃப்ரேம் பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், எக்ஸாஸ்ட் எல்லாத்தையும் கழட்டி விட்டுட்டா தனியா இறங்கிடும். முன்னாடிதான் பெரிய வேலை, இன்ஜினையும் எடுக்கணும். முன் கோனை டவர் மேல இருக்கற ஓட்டை வழியா அதுக்குன்னு இருக்கற டூலை விட்டு அழுத்தித்தான் மாட்டணும், நெம்புகோலெல்லாம் வெச்சு முயற்சி பண்ணாதீங்க, விரல் போயிடும். பழைய செட்ல வர்ற கோனை நம்பாதீங்க, ரப்பர் நசுங்கி இறுகிப் போயிருக்கும், புதுசு போடுங்க, நக்கிளோட நைலான் கப்பும் புதுசு.

மாட்டினவுடனே வண்டி முயல் மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கும், பயப்படாதீங்க, ரப்பர் உக்கார கொஞ்ச வாரம் ஆகும், ஹைட்டையும் வீல் அலைன்மென்ட்டையும் அதுக்கப்புறம் சரி பண்ணிக்கோங்க. பிரேக் பைப்பைக் கழட்டினதால பிரேக்கை மட்டும் வண்டியை நகர்த்தறதுக்கு முன்னாடியே பிளீட் பண்ணிடுங்க (பைப்புக்குள்ள புகுந்த காத்தை வெளியேத்தறது). கழட்டின டிஸ்ப்ளேசர் நாலையும் ஹோஸ் வாயை அடைச்சு பத்திரமா வெச்சிருங்க, நாளைக்கு ஒரிஜினலுக்குத் திரும்பணும்னா அது வேணும்.