கை இருப்பு எவ்வளவு?

கேள்வி: வாடகை, ஸ்கூல் ஃபீஸ், கடன் தவணை எல்லாம் தெரிகிறது. டீ, பூ, ஆட்டோ என்று போகிற சில்லறைக்குத்தான் கணக்கே இல்லை. மூன்று ஆப் மாற்றிப் பார்த்துவிட்டேன், பத்து நாளைக்கு மேல் எழுத முடியவில்லை. நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்?

எனக்குச் சம்பளமே கணக்கு எழுதுவதற்குத்தான். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை, கண்ணாடி மேல் வார்த்தெடுக்கிற தரை டைல்ஸைத்தான் அப்படிச் சொல்வோம். சிமென்ட் எத்தனை மூட்டை வந்தது, சாயப்பொடி எவ்வளவு இருக்கிறது, கண்ணாடி எத்தனை உடைந்தது, யார் எத்தனை கல் போட்டார்கள், சனிக்கிழமை யாருக்கு எவ்வளவு கூலி, எல்லாம் என் கையெழுத்தில் இருக்கும். அங்கே 1 ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன். அப்படிப்பட்ட நான் கல்யாணமாகி 9 வருஷம், மாதம் 3,000, 4,000 எங்கே போகிறது என்று தெரியாமலேயே குடும்பம் நடத்தினேன். நானும் எழுதாமல் இல்லை, நோட்டு வாங்குவேன், எழுதுவேன், இரண்டாம் வாரத்தில் நின்றுவிடும். உங்கள் கேள்வியில் அந்தப் பத்து நாள் என்ற இடத்தைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு வழி காட்டியவர் என் மாமனார். தேவகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் 38 வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 2023 தை மாதம், ஒருநாள் ராத்திரி நான் நோட்டை வைத்துக்கொண்டு அன்றைக்கு என்னென்ன செலவு செய்தேன் என்று யோசித்து யோசித்து எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "கையில இப்ப எவ்வளவு இருக்கு ஆத்தா?" என்று கேட்டார். பர்ஸைக் கொட்டி எண்ணினேன், 347 ரூபாய். "சரி, காலையில எவ்வளவு இருந்துச்சு?" தெரியலையே மாமா என்றேன். "அது தெரியாம செலவை எழுதி என்ன பண்ணுவ? எது விட்டுப்போச்சுன்னு உனக்கு யார் சொல்லுவா?"

அவ்வளவுதான் சொன்னார். பட்டறையில் தினமும் காலையில் முன் இருப்பு எழுதாமல் நான் பேனாவையே தொட்டதில்லை, வீட்டு நோட்டில் மட்டும் அது எனக்குத் தோன்றவே இல்லை.

நாம் எல்லோரும் செலவிலிருந்து ஆரம்பிக்கிறோம், தொடங்க வேண்டியது இருப்பிலிருந்து. ராத்திரி கையிலிருக்கும் காசை எண்ணி எழுதிவிட்டால் மறுநாள் அதுதான் முன் இருப்பு. அதோடு அன்றைய வரவைக் கூட்டி, எழுதிய செலவைக் கழித்தால் வருகிற தொகை கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. செலவை மட்டும் எழுதும் நோட்டில் இந்தச் சோதனையே கிடையாது, பாதி எழுதினாலும் முழுதாக எழுதியது போலத்தான் இருக்கும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 2,200 வரும், போனதோ 5,000. அப்போது நோட்டின் மேல் நம்பிக்கை போய்விடும். நம்பிக்கை போன நோட்டை யார் எழுதுவார்கள்? நமக்குச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்கிறோம், காரணம் அது இல்லை என்பது என் முடிவு.

ஒரு நாள் பக்கத்தை அப்படியே தருகிறேன். முன் இருப்பு 640. பூ 30, ஷேர் ஆட்டோ 20, கீரை 15, பஜ்ஜியும் டீயும் 35, பாப்பாவுக்குச் சார்ட்டும் ஸ்கெட்சும் 45. மொத்தம் 145, மீதி 495 இருக்க வேண்டும். எண்ணினால் 455. 40 ரூபாய் இடித்தது. அன்றைக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை, "விட்டது 40" என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் பட்டறையில், தொட்டியில் ஊறவைத்த கல்லை எடுத்து அடுக்குகிற அக்கா டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது. முந்தின நாள் மதியம் குழம்பு வாங்க அவர்களிடம் சில்லறை இல்லை, நான்தான் இரண்டு 20 ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தேன். அது செலவே இல்லை, கைமாற்று. அவர்களும் மறந்திருந்தார்கள், நானும் மறந்திருந்தேன். இருப்பை எண்ணாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். அன்றிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கைமாற்றுக்கு ஒதுக்கிவிட்டேன், கொடுத்தது ஒரு பக்கம், வாங்கியது ஒரு பக்கம்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. எங்கள் பக்கத்தில் இது பழைய சங்கதி. செட்டியார் வீடுகளிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போய்த் தொழில் நடத்திய காலத்தில், அங்கே கடையை நடத்தியவர் பெரும்பாலும் முதலாளி இல்லை, சம்பளத்துக்குப் போன ஏஜெண்டு. மூன்று வருஷக் கணக்கில் போய்த் திரும்புவார். கடலுக்கு அப்பால் இருக்கும் பணத்தை ஊரில் உட்கார்ந்திருக்கும் முதலாளி நம்பியதெல்லாம் ஏட்டை வைத்துத்தான். அன்றாடம் நடப்பது குறிப்பில் ஏறும், குறிப்பிலிருந்து ஆள் வாரியாகப் பேரேட்டுக்குப் போகும், பேரேட்டிலிருந்து ஐந்தொகை, அதாவது மொத்த இருப்புநிலைக் கணக்கு, எடுத்து ஊருக்கு வரும். எல்லாம் தமிழில். சின்ன வயதிலேயே கடைக்குப் போகிற பையனுக்குப் பெட்டியடிப் பையன் என்றுதான் பெயர், பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகுவான். மாமா வேலை பார்த்த கடையின் பெரியவர் அந்த வழியில் வந்தவர், அவரிடம்தான் மாமா கற்றுக்கொண்டார். லட்சக்கணக்கில் புரண்ட பணத்துக்கு இருந்த அதே ஒழுங்கு கீரைக்கும் பூவுக்கும் போதும், கூடுதலாக ஒன்றும் வேண்டாம்.

வீட்டுக் கணக்கு என்றதும் இணையத்தில் எல்லோரும் ஜப்பானின் ககேய்போவைச் சொல்கிறார்கள். ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-இல் குடும்பப் பெண்களுக்காகக் கொண்டுவந்த வீட்டுக் கணக்கேடு அது. நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் செலவை வகை பிரிப்பதைத்தான் விரிவாக எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் வகை பிரிப்பது ஆறாவது மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டாம்: இதர செலவு என்ற வரி. மாமா அதை எழுதவே விடமாட்டார். தெரிந்த செலவென்றால் பெயரை எழுது, தெரியவில்லை என்றால் "விட்டது" என்று எழுது என்பார். இதர என்று ஒரு வரி இருந்தால் எல்லாமே அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

இனி போன் விஷயத்துக்கு வருகிறேன், இன்றைக்குச் சில்லறை போகிற வழி அதுதான். யூபிஐ 2016-இல் வந்தது, அதில் கட்டினால் வங்கி ஸ்டேட்மென்டில் ஒவ்வொன்றும் வரும், அப்புறம் தனியாக எழுதுவானேன் என்று நானும் நினைத்தேன். வரத்தான் செய்கிறது, ஆனால் யார் பெயரில் வருகிறது? பஜ்ஜிக் கடையின் ஸ்கேன் அட்டை அந்தக்கா மருமகன் பெயரில் இருக்கிறது, பூக்காரம்மாவுடையது அவர் மகள் பெயரில். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் முன்பின் தெரியாத ஆட்களுக்கு 20, 35, 50 என்று அனுப்பியது போல இருக்கும், எது பூ, எது பஜ்ஜி என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதுகிற இடத்தில் "பூ", "கீரை" என்று ஒரே வார்த்தை போட்டுவிடுவேன். இரண்டு நொடி வேலை.

யூபிஐ லைட் இன்னும் வேறு மாதிரி. 2022-இல் வந்தபோது ஒரு தடவைக்கு 200 ரூபாய் வரைதான், பிறகு 500 ஆக்கி, அப்புறம் 1,000 வரை உயர்த்திவிட்டார்கள். அதில் பின் நம்பர் கேட்காது. முதலில் கொஞ்சம் பணத்தை அதில் போட்டுவைக்கிறோம், அதிலிருந்து போகிறது. வங்கிக் கணக்கில் நாம் அதில் போட்ட தொகை மட்டும்தான் ஒரே வரியாகத் தெரியும், அதிலிருந்து டீக்கும் வடைக்கும் போனது பாஸ்புக்கில் வராது, ஆப்பில் போய்த்தான் பார்க்க வேண்டும். இது தெரியாமல் பாஸ்புக்கை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. நான் அதைச் சுருக்குப்பை மாதிரி வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை 700 ரூபாய் போடுவேன், தீர்ந்தால் தானாக நிரப்பிக்கொள்ளும் வசதியை நிறுத்திவைத்திருக்கிறேன். ராத்திரி நோட்டில் பர்ஸ் இருப்பு, போன் இருப்பு என்று இரண்டு எண். புதன்கிழமையே போன் இருப்பு 90 என்று வந்தால் எனக்கே சேதி தெரிந்துவிடும்.

எழுதியதால் என்ன தெரிந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்ததில் பெரியது பஸ் காசு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் எனக்குப் போக 10, வர 10, மாதம் 26 நாளைக்கு 520 ரூபாய் ஆகும். அந்த 520 மிச்சமாகிறது என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன், மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். மூன்று மாதம் எழுதிப் பார்த்தபோது ஷேர் ஆட்டோ என்ற வரி மட்டும் மாதம் 400, 460, 480 என்று நின்றது. முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்துதான் வருவேன். பஸ்ஸுக்குத்தான் காசு கொடுப்பதில்லையே, இதற்குக் கொடுத்தால் என்ன என்று ஏறத் தொடங்கியிருக்கிறேன், எப்போது தொடங்கினேன் என்பதே நினைவில்லை. பார்த்த உடனே ஆட்டோவை விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவளுக்கு நடப்பது நல்லது, மழையிலும் கையில் பை இருக்கும்போதும் ஆட்டோதான் சரி. இப்போது மாதம் 200 சுமார் ஆகிறது. அதைத் தெரிந்தே கொடுக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வீட்டுக்காரர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பல வீடுகளில் கணக்கு நோட்டு நின்றுபோவதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆரம்பத்தில் தினம் ராத்திரி அவரிடமும் கேட்பேன், இன்றைக்கு எத்தனை டீ, யாருக்கு வாங்கிக் கொடுத்தீர்கள் என்று. நான்காவது நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது, நியாயமான கோபம்தான். அப்போதும் மாமாதான், "கணக்கைக் கேக்குறது வேற, ஆளைக் கேக்குறது வேற ஆத்தா" என்றார். மாதம் பிறந்தால் அவருக்குக் கைச்செலவு 1,500, எனக்கு 500. நோட்டில் அவை இரண்டு வரி மட்டும், அதற்குள் என்ன நடந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அவர் அதில் டீ குடிப்பாரோ நண்பருக்குக் கொடுப்பாரோ, அது அவர் பணம். அந்த நாளிலிருந்து அவரே மளிகைச் சீட்டை மடித்து நோட்டுக்குள் வைத்துவிடுகிறார்.

அப்புறம் விட்டுப்போகிற நாட்கள். உங்கள் பத்து நாள் நிற்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழா வந்தால் எங்கள் வீட்டில் உறவுக்காரர் கூட்டம், பிள்ளைகளுக்குப் பலூன், வளையல், ஐஸ் என்று காசு எப்படிப் போகிறது என்றே தெரியாது, நோட்டைத் தொட நேரமும் இருக்காது. போன தடவை நான்கு நாள் எழுதவில்லை. முன்பு என்றால் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவர முயன்று, முடியாமல், நோட்டையே மூடியிருப்பேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. ஐந்தாம் நாள் காலையில் எண்ணினேன், கடைசியாக எழுதிய இருப்பிலிருந்து கழித்தேன், "திருவிழா 4 நாள் 1,860" என்று ஒரே வரி, அன்றைய இருப்பு, முடிந்தது. அந்த நான்கு நாளில் எது எது என்று தெரியாவிட்டாலும் எவ்வளவு என்பது ரூபாய் சுத்தமாகத் தெரியும். ஆப்களில் இந்த வசதி எனக்குச் சரியாக அமையவில்லை, விட்ட நாளெல்லாம் வெறும் பூஜ்யமாக நின்று கண்ணை உறுத்தும். தவிர, நான் பார்த்த ஒன்றிரண்டு, போனுக்கு வரும் குறுஞ்செய்தி அத்தனையையும் படிக்க அனுமதி கேட்டன. செலவைப் பிடிக்க வங்கிச் செய்தி வேண்டும்தான், ஆனால் அதோடு மற்றதும் போகும். எனக்கு மனது ஒப்பவில்லை. ஆப்பில் எழுதுவதுதான் உங்களுக்கு வசதி என்றால் தாராளமாக எழுதுங்கள், நாமே இருப்பைத் திருத்திப் போட வழியுள்ளதாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது, நோட்டைப் படிக்க முடியாது. நான் கூட்டி முடித்ததும் கட்டிலில் இருந்தபடியே "சரியா இருக்கா?" என்று கேட்பார். சரி என்றால் திரும்பிப் படுத்துக்கொள்வார், இடிக்கிறது என்றால் எவ்வளவு என்று கேட்பார். 5, 10 என்றால் விடச் சொல்லிவிடுவார், ரவுண்டாக 50, 100 என்றால் யாருக்கோ கொடுத்திருப்பாய், யோசி என்பார். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இதற்காக நோட்டு வாங்கக் கடைக்குப் போக வேண்டாம், பிள்ளைகளின் போன வருஷ நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்கள் போதும். ஒன்றாம் தேதிக்கும் காத்திருக்க வேண்டாம். இன்றைக்குப் படுக்கப் போகும் முன் பர்ஸ், சட்டைப் பை, சாமி அறை டப்பா எல்லாவற்றிலும் இருப்பதை எண்ணி ஒரு எண்ணாகவும், போனில் யூபிஐ லைட் வைத்திருந்தால் அந்த இருப்பை இன்னோர் எண்ணாகவும் எழுதிவிடுங்கள். இன்று செலவு எதையும் எழுத வேண்டாம், அது நாளை ராத்திரி வேலை.