பூட்டைத் திறப்பதற்குள் வந்துவிடுகிறதே, சிஸ்டர்!

பாம்பனில் மகளிர் குழுக் கூட்டம் முடிந்து, ஆண்கள் காதுக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்ததும், சிறுநீரை அடக்க முடியாதது பற்றி வந்த கேள்விகள் இவை. பெயர் வேண்டாம் என்றார்கள். ஊர் மட்டும் இருக்கட்டும். நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் நான்.

மண்டபம்: பஸ்ஸில் வரும்வரை ஒன்றுமில்லை. வாசலில் சாவியை எடுத்தால் அடக்க முடியவில்லை, சேலை நனைந்துவிடுகிறது. முக்கால் மணிக்கு ஒருதரம் போகிறேன்.

நிறைய பேருக்குச் சாவியைக் கண்டால்தான் வரும்! சிறுநீர்ப்பை 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். “எதற்கும் போய் வைப்போம்” என்று போய்ப் போய், பாதி நிறையும் முன்பே அது அவசரப்படப் பழகிவிட்டது. முதலில் மூன்று நாள், போகிற நேரத்தையெல்லாம் எழுதுங்கள். முக்கால் மணி என்றால், முதல் வாரம் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. வந்தாலும் வராவிட்டாலும் மணி பார்த்துத்தான். வாராவாரம் கால் மணி கூட்டி, மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நடுவில் முட்டினால் ஓடாதீர்கள். ஓட்டத்தில்தான் சொட்டும். உட்கார்ந்து, வாயு பிரியாமல் அடக்குவது போல ஐந்தாறு தடவை சட்சட்டென்று இறுக்கி விடுங்கள். மனசுக்குள் கணவாய் மீன் விலையைக் கணக்குப் போடுங்கள். முட்டல் தணிந்த பிறகு நடந்து போங்கள். ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் தெரியும்.

சின்னப்பாலம்: கடல்பாசி எடுக்கப் போனால் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிப்பதில்லை. அப்படியும் அவசரம் குறையவில்லையே?

குறையாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கடுத்து, பையை இன்னும் உறுத்தும். மலச்சிக்கல் வேறு சேர்ந்து அமுக்கும். பாட்டிலில் கொண்டுபோய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். குறைக்க வேண்டியது டீயைத்தான். நாள் முழுக்க அடக்குவது பயிற்சியே கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது போய்விடுவோம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போங்கள், அதில் என்ன வெட்கம்?

தொண்டி: தும்மினால், மீன் கூடையைத் தூக்கினால் சொட்டுகிறது.

இது வேறு, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் அடித்தசை தளர்ந்ததால் வருவது. மண்டபத்துக்குச் சொன்ன அதே இறுக்கலை நிதானமாக, ஒரு வேளைக்கு எட்டு வீதம், தினம் மூன்று வேளை, மூன்று மாதம் செய்யுங்கள். கூடையைத் தூக்குவதற்கு முன்பும் ஒரு இறுக்கு.

கீழக்கரை: லுஹர் (மதியத் தொழுகை), அஸர் (பிற்பகல் தொழுகை) இரண்டுக்கும் நடுவிலேயே மூன்று தடவை போகிறேன். தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவிச் செய்யும் ஒளு நிற்பதில்லை.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கையே மணியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதுதான் உங்கள் இலக்கு. முதலில் நடுவில் இரண்டு தடவை, அப்புறம் ஒன்று, பிறகு அதுவும் வேண்டாம். மார்க்கச் சட்டத்தை ஆலிமிடம் கேளுங்கள்.

பாம்பன்: ராத்திரியும் மணி பார்க்கணுமா? எனக்கு எரிச்சலும் இருக்கு.

ராத்திரி வந்தால் போங்கள், மணி வேண்டாம். ஆனால் எரிச்சல் இருக்கும்போது பயிற்சியே வேண்டாம். எரிச்சல், ரத்தம், காய்ச்சல், போன பிறகும் அடிவயிறு கனப்பது, இதில் எது இருந்தாலும் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் யூரினும் சுகரும் பார்க்க வேண்டும். நாளைக் காலையிலேயே போய்விட்டு வாங்க.