அம்மாவை அட்டனுக்குக் கூட்டிப்போகலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. இலங்கையில் அட்டன் பக்கம், நோர்வூட்டுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1973-இல் தலைமன்னார் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, பிறகு கோத்தகிரியில் கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். இப்போது கோவையில் என்னோடு இருக்கிறார். இரண்டு வருடம் முன்பு விழுந்து, வலது இடுப்பில் மூட்டு மாற்று அறுவை நடந்தது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடப்பார், படி ஏற முடியாது. 20 வருடமாகச் சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார், இரவில் 12 யூனிட் இன்சுலின். பிபிக்கு ஆம்லோடிபினும் ஒரு நீர் மாத்திரையும். "சாகுறதுக்கு முன்னாடி ஒருதடவ நம்ம லயத்தப் பாத்துட்டு வரணும்" என்கிறார். லயம் என்றால் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. ஜனவரியில் கொழும்பு போய், கார் எடுத்து நானே ஓட்டி, ஆறு நாளில் அட்டன், நுவரெலியா, கண்டி, திருகோணமலை பார்த்துவர நினைக்கிறேன். உறவினர்கள் வேண்டாம் என்கிறார்கள். கூட்டிப்போகலாமா?

பதில்: கூட்டிப்போங்கள். ஆனால் இந்தத் திட்டத்தோடு அல்ல.

நீலகிரியில் சில வருடங்கள் டாக்டராக வேலை பார்த்தவன் நான். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்தவர்கள் பலர் என் புற நோயாளிகள். மூட்டு வலிக்கு மாத்திரை வாங்க வருகிற பாட்டிகள், அட்டன் பெயரை எடுத்தால் அரை மணி நேரம் பேசுவார்கள். அதனால் உங்கள் அம்மா கேட்பது சுற்றுலா அல்ல என்று எனக்குத் தெரியும். அவர் மருந்துச் சீட்டில் இருக்கிற எதுவும் அவரைத் தடுக்கவில்லை. இடுப்பு அறுவை முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, மாரடைப்போ பக்கவாதமோ வந்ததாக நீங்கள் எழுதவில்லை. பயப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

வயதான பெண்கள் பயணம் என்றாலே முதல் நாள் இரவிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வழியில் பாத்ரூம் கேட்கக் கூச்சம், பையனுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்ற எண்ணம். வாயைத் திறந்து சொல்லவே மாட்டார்கள். உங்கள் அம்மா நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். தண்ணீர் குறைந்தால் எழுந்து நிற்கும்போது பிபி இறங்கும், தலை சுற்றும், வாக்கரோடு விழுவார். சிறுநீரில் கிருமி சேரும், மலம் இறுகும், ரத்தம் கெட்டியாகும், சிறுநீரகம் சோர்ந்தால் சுகர் மாத்திரைகள் உடம்பில் தேங்கும். பயணத்தில் முதியவர்கள் மருத்துவமனையில் படுக்க நேர்ந்ததை நான் பார்த்தவரை, பாதிக் கதைகள் இந்த ஒரு தம்ளர் தண்ணீரில்தான் ஆரம்பித்தன.

ஆகவே வரைபடத்தை எடுத்தால் ஊர்களைக் குறிக்காதீர்கள், கழிப்பறைகளைக் குறியுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று, வெஸ்டர்ன் டாய்லெட், படி இல்லாமல், வாக்கர் நுழையும் கதவோடு. வழியில் இருக்கும் ஹோட்டல்களுக்கு முன்கூட்டியே போன் செய்து கேட்டால் சொல்வார்கள். கூடவே மடக்குகிற கமோடு நாற்காலி ஒன்றும், பேன்ட் போலப் போட்டுக்கொள்கிற டயப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள். டயப்பர் என்றதும் அம்மா முகம் சுருங்கலாம். "போகிறதுக்கு இல்லம்மா, ரோடு அடைச்சுக்கிட்டா ஒரு பாதுகாப்புக்கு" என்று சொல்லிப் பாருங்கள். நீர் மாத்திரையைப் பயண நாளில் காலைக்குப் பதில் போய்ச் சேர்ந்த பிறகு கொடுக்கலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இன்னொன்றையும் தயங்காமல் கேட்கிறேன். பாத்ரூமில் அம்மாவுக்கு யார் உதவுவது? மகன் மட்டும் போனால் அவர் தண்ணீரே குடிக்க மாட்டார். உங்கள் மனைவியோ, அக்கா தங்கையோ, அம்மாவுக்கு நெருக்கமான ஒரு பெண் கூட வர வேண்டும். மொத்தம் மூன்று பேர், வண்டிக்கு உள்ளூர் டிரைவர். நீங்கள் ஓட்டாதீர்கள். அங்கே ஓட்டத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பது இருக்கட்டும், அட்டன் போகும் வழியில் கினிகத்தேனைக்கு மேலே உள்ள வளைவுகளில் உங்கள் கண் ரோட்டில் இருந்தால் அம்மாவை யார் பார்ப்பது?

சரி, பாதைக்கு வருவோம். திருகோணமலையை விட்டுவிடுங்கள். ஆறு நாளில் மலையும் கிழக்குக் கடற்கரையும் உங்களுக்கு முடியும், அவருக்கு முடியாது. விமானம் இறங்கிய அன்றே மலை ஏறவும் வேண்டாம். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நீர்கொழும்பு இருக்கிறது, முதல் இரவு அங்கே தங்குங்கள். மறுநாள் அவிசாவளை வழியாகக் கித்துல்கல வரை மட்டும் போய் அங்கே ஓர் இரவு. மூன்றாம் நாள் காலையில் அட்டன். ஒரே மூச்சில் ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம் என்று டிரைவர் சொல்வார், அது உண்மையும்கூட. ஆனால் நிறுத்தி நிறுத்திப் போனால் அது ஏழு மணி நேரம், ஏழு மணி நேரம் உட்கார அந்த இடுப்பு ஒத்துக்கொள்ளாது. அட்டனில் இரண்டு இரவு இருங்கள். நுவரெலியா போயே ஆக வேண்டும் என்றில்லை. தலவாக்கலை வரை ஒரு மாலை போய் வந்தால் டெவன், சென்கிளேயர் அருவிகளை ரோட்டிலிருந்தே பார்க்கலாம், காரைவிட்டு இறங்க வேண்டியதில்லை.

ஜனவரி நல்ல தேர்வு. மே முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் தென்மேற்கு மழையும் மண்சரிவும் இருக்கும். ஆனால் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே வரை சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம், அட்டன்தான் அதற்கு வாசல். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளிலும் சனி ஞாயிறிலும் அந்த ரோட்டில் மாட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். செவ்வாய், புதனில் ஏறும்படி தேதியை வையுங்கள்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே வாடகைக்கு முதலில் கிடைப்பது கே.டி.எச். என்கிற பெரிய டொயோட்டா வேன். இடம் தாராளம், ஆனால் ஏறுவதற்கு உயரம், அம்மாவால் ஆகாது. தாழ்வான சிறிய காரிலோ, இடுப்பு முழங்காலைவிடக் கீழே போய்விடும். மாற்றிய மூட்டுக்கு அது கெடுதல், எழுவதும் கஷ்டம். அம்மா நிற்கும்போது அவருடைய முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே சீட் இருக்க வேண்டும். தாழ்வான கார்தான் கிடைத்தது என்றால் அமுங்காத மெத்தை ஒன்றைப் போடுங்கள். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, சாய்மானத்தைக் கொஞ்சம் சாயுங்கள். ஏறும்போது கால் முதலில் போகக் கூடாது. சீட்டுக்கு முதுகைக் காட்டி, கெண்டைக்கால் வண்டியில் படும்வரை பின்னால் வந்து, முதலில் உட்கார வேண்டும். அப்புறம் இரண்டு காலையும் ஒன்றாகத் திருப்பி உள்ளே. சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் சுலபமாகத் திரும்பலாம், உட்கார்ந்ததும் அதை உருவிவிடுங்கள், பிரேக் போட்டால் வழுக்கும். கதவைப் பிடித்து எழ விடாதீர்கள், கதவு ஆடும்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. விமானத்துக்கு மட்டுமல்ல, காருக்கும் பஸ்ஸுக்கும் அதே கணக்கு. பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து அடியாவது நடக்கட்டும். இறுக்கமான காலுறையைக் கடையில் வாங்கி மாட்டிவிடாதீர்கள். 20 வருடச் சுகரில் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம், முதலில் டாக்டர் பாதத்தில் நாடி பார்க்கட்டும். இதற்காக ஆஸ்பிரின் ஆரம்பிப்பதும் வேண்டாம். ஆம்லோடிபினால் இரண்டு காலும் லேசாக வீங்குவது உண்டு. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனை.

மலைப்பாதையில் அம்மாவுக்கு வியர்த்து, குமட்டி, தலை சுற்றினால் எல்லாரும் "வளைவு ஒத்துக்கல" என்பார்கள். நீங்கள் சுகரைப் பாருங்கள். கிளிமிபிரைடு உள்ளே போய், மதியச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலே சுகர் இறங்கிவிடும், அறிகுறி இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இட்லியோ பிஸ்கட்டோ எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உண்மையிலேயே வளைவுதான் காரணம் என்றாலும், மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கிற புரோமெத்தசின் வகை மாத்திரை வேண்டாம். இந்த வயதில் அது குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், லக்கேஜில் போடாதீர்கள், வெயில் படும் டாஷ்போர்டிலும் வைக்காதீர்கள். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம், ஊசி நேரத்தை மாற்ற வேண்டியதில்லை.

அட்டன் 1,200 மீட்டருக்கு மேலே. கோத்தகிரியில் இருந்தவருக்கு அந்த உயரம் புதிதல்ல, குளிர் மட்டும் தெரியும். ஹாட் வாட்டர் பேக்கைக் காலில் வைக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த சுகர் பாதம் வெந்துபோனாலும் தெரியாது. கம்பளிக் காலுறை போதும். இரவில் அதைக் கழற்றிப் பாதத்தை ஒருமுறை பாருங்கள், அட்டைக்கடி உட்பட.

அறையைத் தரைத்தளத்தில் எடுங்கள். பாத்ரூம் கதவின் அகலத்தை அளந்து, போட்டோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரண்டடிக் கதவில் பல வாக்கர்கள் நுழையாது. கூட வரும் பெண் அதே அறையில் படுக்கட்டும், சின்ன விளக்கு எரியட்டும். புது இடத்தில் இரவு இரண்டு மணிக்குப் பாத்ரூம் போகும்போதுதான் விழுவார்கள்.

விமான டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேளுங்கள், "படி ஏற முடியாதவர்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் விமானத்தின் ஏணிக்குக் கீழே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இடுப்பில் உலோகம் இருப்பதற்கான அறுவைச் சான்று, மருந்துச் சீட்டு, சுகரையும் அறுவையையும் மறைக்காமல் எடுத்த பயணக் காப்பீடு, இவை ஒரே உறையில் இருக்கட்டும். அங்கே ஆம்புலன்ஸுக்கு 1990, இலவசம். நோர்வூட்டுக்குப் பக்கத்திலேயே டிக்கோயாவில், இந்திய உதவியில் கட்டி 2017 மே மாதம் திறந்த 150 படுக்கை மருத்துவமனை இருக்கிறது. அதை டிரைவரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு வேலை. அம்மாவை மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்குக் காரில் கூட்டிப்போய் ஓர் இரவு தங்கி வாருங்கள். அதே கமோடு நாற்காலி, அதே மெத்தை, கூட வரப்போகும் அதே ஆள். எவ்வளவு தண்ணீர் குடித்தார், எத்தனை முறை இறங்கினார், சுகர் எவ்வளவு, மறுநாள் வலி எப்படி என்று எழுதிவையுங்கள். அந்தத் தாளோடு அவருடைய டாக்டரைப் பாருங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி என்று காட்டுவது), சோடியம், படுத்தும் நின்றும் பார்த்த பிபி, பாதத்தின் நாடி, இந்த நான்கும் சரியென்றால் டிக்கெட் போடலாம்.

கடைசியாக லயம். தோட்டத்து லயங்கள் பெரும்பாலும் சரிவில்தான் இருக்கும். ரோட்டிலிருந்து கீழே படிக்கட்டு, இல்லாவிட்டால் வழுக்கும் மண்பாதை. அங்கே வாக்கர் உதவாது, நாற்காலியில் வைத்துத் தூக்குவதும் ஆபத்து. தோட்டத்தில் யாரையாவது இப்போதே போனில் பிடித்து, கார் எதுவரை போகும், அங்கிருந்து என்ன தெரியும் என்று கேளுங்கள். வீடியோவில் காட்டச் சொல்லி அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். பழைய லயம் இடிந்திருக்கலாம், தெரிந்தவர்கள் போயிருக்கலாம், அதை அவர் கோவையில் உங்கள் பக்கத்தில் இருக்கும்போது தெரிந்துகொள்வது நல்லது. கார் நிற்கிற இடத்தில் ஒரு நாற்காலி போட்டுவைக்கச் சொல்லுங்கள். அம்மா அங்கே உட்காரட்டும், லயத்து ஆட்கள் மேலே ஏறி வருவார்கள். அன்றைக்கு வேறு எந்த இடத்தையும் திட்டத்தில் வைக்காதீர்கள்.