ஒரே பெயர், வேறு வேறு பாட்டு

போன இதழில் பழைய பாட்டுகளைப் பற்றி எழுதியதிலிருந்து வந்த கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்கப் பாட்டு.

கேள்வி: காரில் போகும்போது மகள் "மலரே போடுங்க" என்றாள். கணவர் 'மலரே மௌனமா' போட்டார். நான் 'மலரே குறிஞ்சி மலரே'யை எதிர்பார்த்தேன். அவள் கேட்டதோ பிரேமம் பாட்டு. ஒரே பெயரில் ஏன் இத்தனை பாட்டு? (வாசகி, மதுரை)

பதில்: மூன்று பேர் கேட்டதும் நல்ல பாட்டுதான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'மலரே குறிஞ்சி மலரே' 1975-ல் வந்த டாக்டர் சிவா படத்தில், எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் ஜேசுதாசும் எஸ்.ஜானகியும் பாடியது. 'மலரே மௌனமா' 1995, கர்ணா, வித்யாசாகர் இசை, எஸ்.பி.பி.யுடன் பாடியது அதே ஜானகி. பிரேமம் 2015, அது மலையாளப் பாட்டு, ராஜேஷ் முருகேசன் இசை, பாடியவர் விஜய் ஜேசுதாஸ். இருபது இருபது வருஷ இடைவெளி, அப்பா பாடி நாற்பது வருஷம் கழித்து மகன் அதே சொல்லில் தொடங்குகிறார், இதை முதலில் கவனித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, ஏன் என்று கேட்டீர்கள். நம் சினிமாப் பாட்டுக்குத் தனியாகத் தலைப்பு வைக்கும் வழக்கமே இல்லை. பல்லவியின் முதல் சொற்கள்தான் பெயர். தேவாரப் பதிகத்தை 'தோடுடைய செவியன்' என்று சொல்கிறோம், கீர்த்தனையையும் முதலடியை வைத்துத்தான் சொல்கிறோம், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. பல்லவியோ பெரும்பாலும் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே தொடங்கும்: மலரே, நிலவே, கண்ணே, கிளியே, அன்பே. அந்தக் கடைசி ஏகாரத்தை மெட்டுக்கு ஏற்றபடி இழுக்கலாம், குழைக்கலாம், பாடுகிறவருக்கு அது பெரிய வசதி. கூப்பிடுவதற்கு ஏற்ற சொற்கள் மொழியில் எத்தனைதான் இருக்கும், கவிஞர்கள் ஒரே சொல்லில் வந்து சேர்வது இயல்புதான். முதல் வரியை முழுசாகச் சொன்ன காலத்தில் குழப்பமும் வரவில்லை. இப்போது செயலிகளில் ஒற்றைச் சொல்லாகச் சுருக்கிப் போடுகிறார்கள், அதனால்தான் 'மலரே' என்று தேடினால் எல்லாம் ஒன்றாக வந்து விழுகின்றன.

'வெண்ணிலவே' இதைவிடச் சுவாரசியம். 1997-ல் மின்சார கனவு, 2012-ல் துப்பாக்கி, இரண்டிலும் ஹரிஹரன் குரல்! ஒன்றில் கூடப் பாடியவர் சாதனா சர்கம், மற்றதில் பாம்பே ஜெயஸ்ரீ.

கேள்வி: முதல் வரியை எடுத்துக்கொண்டால் வழக்குப் போட முடியாதா? (வாசகர், சேலம்)

பதில்: வெறும் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது. தேசி பாய்ஸ் என்ற இந்திப் படத்தின் பெயர் தொடர்பான வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. மலரே, நிலவே என்ற சொற்களுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. மெட்டும் முழுப் பாடல் வரிகளும் வேறு விஷயம், அவற்றுக்கு உரிமை உண்டு, அனுமதி வாங்க வேண்டும்.

கேள்வி: 'கண்ணம்மா' என்று வருகிற பாட்டெல்லாம் பாரதியிடமிருந்து எடுத்ததா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: எல்லாம் இல்லை, ஆனால் எல்லாவற்றுக்குப் பின்னாலும் பாரதி நிற்கிறார். கண்ணன் பாட்டில் கண்ணம்மா ஒருத்தி இல்லை. காதலியாக வருவாள், குழந்தையாக வருவாள், குலதெய்வமாகவும் வருவாள். சினிமாவும் அதே போலத்தான் எடுத்துக்கொண்டது. 'சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா' குழந்தைக்கான பாட்டு, 1951-ல் மணமகள் படத்தில் சி.ஆர்.சுப்பராமன் இசையில் எம்.எல்.வசந்தகுமாரியும் வி.என்.சுந்தரமும் பாடியது இன்றைக்கும் மனசை உருக்குகிறது. 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை எடுத்துக்கொண்டு, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது, அதனால்தான் இன்றைக்கு யார் வேண்டுமானாலும் பாரதியைப் பாட முடிகிறது. நம் அரசுகள் செய்த அருமையான காரியங்களில் இது ஒன்று என்பது என் கருத்து.

1983-ல் முந்தானை முடிச்சில் 'சின்னஞ்சிறு கிளியே' என்று கேட்டதும் பாரதி என்று நினைப்போம், அடுத்ததாக 'சித்திரப்பூ விழியே' என்று அது தன் வழியில் போய்விடும். கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் படத்தில் 'சுட்டும் விழிச்சுடர்தான்' பாரதியின் சொற்களேதான். ஐந்து வருஷம் கழித்து கஜினியில் நா.முத்துக்குமார் 'சுட்டும் விழிச் சுடரே' என்று கூப்பிட்டுவிட்டு முழுக்கத் தன் பாட்டையே எழுதினார். இதைத் திருட்டு என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரியவர் வீட்டு வாசலில் நின்று வணக்கம் சொல்லிவிட்டு நம் வேலைக்குப் போவது மாதிரிதான் அது. றெக்க, காலா படங்களின் 'கண்ணம்மா'க்களில் பாரதியின் வரி இல்லை, பெயர் மட்டும்தான். அந்தப் பெயரைச் சொன்னாலே பாதிப் பாசம் வந்துவிடுகிறது.

கேள்வி: பழைய பாட்டை ரீமிக்ஸ் செய்வது பற்றி? (வாசகர், கோவை)

பதில்: எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 'தொட்டால் பூ மலரும்' 1964-ல் படகோட்டிக்காக வாலி எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் டி.எம்.எஸ்., சுசீலா பாடியது. 2004-ல் நியூ படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் அதே வரிகளுக்கு வேறு மெட்டுப் போட்டார். எனக்கு அது பிடித்தது, ஏனென்றால் நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அந்த வரி புது மெட்டில் உட்காருகிறது என்றால் எழுதியவரின் பலம் அது. மாறாக 1958-ல் சாரங்கதாரா படத்தில் ஜி.ராமநாதன் சாருகேசி ராகத்தில் இழைத்த 'வசந்த முல்லை போலே' இருக்கிறதே, 2007-ல் போக்கிரியில் 'வசந்த முல்லை' என்று அதிரடித் தாளத்தோடு வந்தபோது ஆட நன்றாக இருந்தது, ஆனால் டி.எம்.எஸ். பாடியதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த நெகிழ்வு கிடைக்கவில்லை. இளைஞர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒரே ஒரு முறை பழையதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: 'கண்ணான கண்ணே' விஸ்வாசமா, நானும் ரௌடிதானா? (வாசகர், திருச்சி)

பதில்: இரண்டும். 2015-ல் அனிருத் இசையில் ஷான் ரோல்டன் பாடியது நானும் ரௌடிதான். 2019-ல் இமான் இசையில், தாமரை வரிகளில் சித் ஸ்ரீராம் பாடியது விஸ்வாசம். தாலாட்டில் வருகிற சொல் அது, இருவருக்கும் முன்பே பாட்டிமார் பாடியது.

கேள்வி: என் அம்மா அடிக்கடி முணுமுணுக்கும் ஒரு 'நிலவே' பாட்டு எது என்று தெரியவில்லை. "நெருங்காதே" என்று வரும். நான் தேடினால் மௌன ராகம்தான் வருகிறது. (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: மௌன ராகம் 1986, எஸ்.பி.பி. பாடும் 'நிலாவே வா, செல்லாதே வா'. உங்கள் அம்மாவுடையது அதற்கு இருபது வருஷம் முந்தியது, ராமு படத்தில் பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிய 'நிலவே என்னிடம் நெருங்காதே', கண்ணதாசன் வரிகள், எம்.எஸ்.வி. இசை. ஒருவர் நிலாவைப் போகாதே என்கிறார், இன்னொருவர் கிட்டே வராதே என்கிறார். தேடும்போது படத்தின் பெயரையும் 1966 என்பதையும் சேர்த்துப் போடுங்கள், கிடைத்துவிடும்.