முதல் பைக்: மாதத் தவணை 5,911 ரூபாய் தாங்குமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 23. ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. பிடித்தம் போகக் கையில் வருவது 23,500 ரூபாய். ஊரில் அம்மாவுக்கு 8,000, அறை வாடகையில் என் பங்கு 3,000, சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் 5,000, சீட்டு 2,000, பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் 1,500 போக மாதம் 4,000 மிஞ்சும். வங்கியில் 85,000 ரூபாய் இருக்கிறது. மண்ணிவாக்கத்திலிருந்து வேலைக்குப் போய்வர 40 கிலோமீட்டர். 350 சிசி பைக் வாங்க ஆசை. ஆன் ரோடு விலை 2 லட்சம். 40,000 முன்பணம் கட்டினால், மீதி 1,60,000 ரூபாய்க்கு 11 சதவீத வட்டியில் 36 மாதக் கடன், தவணை 5,911 என்கிறார்கள். ஹெல்மெட் இலவசமாம். 125 சிசி பைக் என்றால் 1,12,000 ஆகிறது. எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் மட்டும் எடுத்திருக்கிறேன், மாமாவின் மொபெட் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. அம்மா வண்டியே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: ஒரகடத்தில் வேலை செய்பவருக்கு 350 சிசி மீது ஆசை வருவதில் வியப்பில்லை. ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையே அங்கேதான் இருக்கிறது. புது வண்டிகள் லாரியில் ஏறிப் போவதை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். அந்த ஆசையை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் அது உங்கள் இரண்டாவது வண்டியாக இருக்கட்டும்.

முதலில் தவணைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பஸ் செலவு மிச்சமாவதால் உங்கள் கையில் 4,000 என்பது 5,500 ஆகும். மாதம் 26 நாள் வேலை என்றால் 1,040 கிலோமீட்டர். 350 சிசி வண்டி லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுத்தால் ஏறக்குறைய 30 லிட்டர்; லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே 3,000 ரூபாய். மிஞ்சுவது 2,500. தவணையோ 5,911. சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் எதையும் சேர்க்காமலே மாதம் 3,400 ரூபாய் துண்டு விழுகிறது. அதைச் சீட்டை நிறுத்தி ஈடுகட்டுவீர்கள், அதுவும் போதாமல் அம்மாவுக்கு அனுப்புவதில் கை வைப்பீர்கள்.

அந்த 11 சதவீதமும் நீங்கள் நினைக்கிற 11 அல்ல. 1,60,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 17,600 வீதம் மூன்று ஆண்டு வட்டி 52,800. அதை அசலோடு கூட்டி 36-ஆல் வகுத்தால்தான் 5,911 வருகிறது. இது ஃபிளாட் வட்டி. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு 1,60,000 ரூபாய்க்கே வட்டி கட்டுகிறீர்கள். முப்பதாவது தவணை முடிந்தபோது உண்மையில் உங்கள் பாக்கி 33,500 ரூபாய் அளவில்தான் இருக்கும். வட்டி மட்டும் குறைந்திருக்காது. மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவை முறைக்கு மாற்றிப் பார்த்தால் இது ஏறக்குறைய 19.6 சதவீதம். 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன் தருகிற வங்கியும் நிதி நிறுவனமும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்ற தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் எந்தக் கடனிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆன் ரோடு விலைக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய். 150 முதல் 350 சிசி வரை 7,365. தமிழ்நாட்டில் ஆயுள்கால வரியும் ஒரு லட்சம் வரையிலான வண்டிக்கு 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12.

பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எடையைப் பாருங்கள். 350 சிசி வண்டிகள் சுமார் 180 முதல் 195 கிலோ. 125 சிசி வண்டிகள் பெரும்பாலும் 115 முதல் 125 கிலோ. புதிதாக ஓட்டுபவர் கையில் வண்டி ஒருமுறையாவது சாயும். பெரும்பாலும் ஓடும்போது அல்ல. பெட்ரோல் பங்க்கில் திருப்பும்போதோ, மணல் கிடக்கும் ஓரத்தில் காலை ஊன்றும்போதோ சாயும். 120 கிலோவைக் காலால் தாங்கிப் பிடித்துவிடலாம். 190 கிலோ சாய ஆரம்பித்தால் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கிளட்ச்சும் கியரும் கைக்குப் பழக வேண்டிய ஆள் நீங்கள். லேசான வண்டியில் பழகுங்கள்.

என் யோசனை இதுதான். முதலில் ஓட்டுநர் உரிமம். எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் ஆனதும் தேர்வுக்குப் போகலாம். பிறகு, ஒருவர் மட்டுமே வைத்திருந்த, 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்த 125 சிசி பைக் ஒன்றைப் பழைய வண்டியாகத் தேடுங்கள். முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் இணைக்கும் சி.பி.எஸ். அமைப்பு அதில் பெரும்பாலும் இருக்கும். வண்டிக்கு 50,000, பெயர் மாற்றத்துக்கும் காப்பீட்டுக்கும் 4,000, செயின், டயர், ஆயில் வேலைக்கு 4,000, பாதுகாப்பு உடைக்கு 10,000. மொத்தம் 68,000 ரூபாய், கடன் இல்லை. தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஆர்.சி.யில் பழைய கடன் அடைமானமாகப் பதிவாகி இருக்கிறதா, போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரிடம் கையெழுத்து வாங்கி, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு மாதம் தேடியும் நல்ல வண்டி அமையாவிட்டால் புது 125 வாங்கலாம். அப்போதும் முன்பணம் 40,000 கட்டி, கடனை 72,000 ரூபாய்க்குள் நிறுத்துங்கள்.

பாதுகாப்பு உடைக்கான அந்த 10,000 ரூபாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் வயதுப் பையன் ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து வண்டி வாங்கிய பில்லை நீட்டினார். கிராஷ் கார்டு, சீட் கவர், ஸ்டிக்கர் என்று ஆறாயிரத்துக்கு மேல். ஹெல்மெட் சாலையோரத்தில் வாங்கியது, 450 ரூபாய். கையுறை இல்லை. பேனாவைக் கொடுத்தேன், வாங்க முடியவில்லை. வலது உள்ளங்கையில் தோல் உரிந்து புதுத்தோல் இளஞ்சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது, மணிக்கட்டில் கட்டு. மணலில் வழுக்கி விழுந்தவர், விழும்போது எல்லோரையும் போலக் கையைத்தான் முதலில் ஊன்றியிருக்கிறார். ஏழு வாரம் வேலைக்குப் போகவில்லை, சம்பளமும் இல்லை. கிராஷ் கார்டு வண்டியைக் காப்பாற்றியிருந்தது.

ஆகவே கையுறையை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். உள்ளங்கையில் தடித்த தோலும் விரல் முட்டிகளில் கடினமான காப்பும் உள்ளதாக 1,500 ரூபாய் ஒதுக்குங்கள். ஹெல்மெட்டுக்கு 3,000. தாடையையும் மூடும் முழுமுக ஹெல்மெட்டாக, ஐ.எஸ். 4151 எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். 2021 ஜூன் முதல் இந்த முத்திரை இல்லாததை விற்பதே சட்டப்படி குற்றம். கடைக்குப் போகும் முன் புருவத்துக்கு ஒரு விரல் மேலே தலையைச் சுற்றி இஞ்சு டேப்பால் அளந்து, சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். போட்டதும் கன்னத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தலையை வேகமாக ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே திரும்ப வேண்டும், தனியாக ஆடக் கூடாது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒருமுறை நசுங்கி உங்கள் மண்டையைக் காப்பாற்றுவதற்காகவே இருக்கிறது. நசுங்கியது மீண்டும் விரியாது. பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. பழைய வண்டி வாங்கலாம். பழைய ஹெல்மெட் ஒருபோதும் வேண்டாம். புது வண்டியோடு ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் தர வேண்டும் என்பது மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. அதனால் ‘இலவசம்’ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். அளவு பொருந்தாத ஹெல்மெட் உங்களுக்கு உதவாது.

மீதி 5,500 ரூபாயில், தோளிலும் முழங்கையிலும் காப்பு வைத்த மெஷ் ஜாக்கெட் வாங்குங்கள். நம் வெயிலுக்கு வலைத்துணிதான் சரி. கனமான ஜாக்கெட் ஒரே வாரத்தில் ஆணியில் தொங்கிவிடும். ஷூவுக்குத் தனியாகச் செலவு வேண்டாம். தொழிற்சாலையில் கொடுத்த, கணுக்காலை மூடும் பாதுகாப்புக் காலணியே போதும். நாடாவின் நுனியை உள்ளே செருகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது உங்கள் உடம்புக்கான காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு நீங்கள் இடித்தவருக்குத்தான் பணம் தரும், உங்களுக்கு அல்ல. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டைச் சேர்த்தே எடுங்கள். பழைய வண்டியோடு அது கை மாறாது, உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருப்பது அதன் நிபந்தனை. உரிமத்தை முதலில் எடுக்கச் சொன்னது இதனால்தான். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் சேரச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். நீங்கள் அதைத் தாண்டியிருப்பதால், நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் விபத்துச் சிகிச்சை உண்டா என்று கேட்டு வையுங்கள். வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்திலும் சேருங்கள்; 2 லட்சம் வரை விபத்துக் காப்பீடு.

125 சிசி வண்டிக்கு மாதம் 2,000 ரூபாய்ப் பெட்ரோல் போட்டாலும் 3,500 மிஞ்சும். ஆயிரத்தைப் பராமரிப்புக்கு வைத்துக்கொண்டு 2,500 ரூபாயை 36 மாத வங்கித் தொடர் வைப்பில் போடுங்கள். மூன்று ஆண்டில் வட்டியோடு ஒரு லட்சத்தை நெருங்கும். அப்போது உங்கள் வண்டியை விற்ற பணத்தையும் சேர்த்து, சிறு கடனோடு 350 சிசி வாங்கலாம். கையும் நன்கு பழகியிருக்கும். வங்கியில் மீதியிருக்கும் 17,000 ரூபாயைத் தொடாதீர்கள். சீட்டுப் பணம் வந்ததும் அதையும் அவசரத் தேவைக்கென அதோடு சேர்த்துவிடுங்கள்.

விபத்துக் காப்பீட்டில் நியமனதாரர் என்ற இடத்தைக் காலியாக விடாமல் அம்மாவின் பெயரை எழுதுங்கள். பாலிசியின் நகலொன்றை ஊருக்குப் போகும்போது அவரிடம் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள், தம்பி. ஹெல்மெட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.