பழைய டைசனா, ஹென்றியா, மீலேயா?

லண்டனில் இரண்டு அறை வீடு, முழுக்கக் கார்ப்பெட், பையனுக்குத் தூசி ஒவ்வாமை, உங்கள் வயரில்லா வாக்யூம் கிளீனர் டைசன் வி8 ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது, அதையே வைத்துக்கொள்வதா, ஹென்றியோ மீலேயோ வாங்குவதா என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் ஃபில்டரைக் குளிர்ந்த நீரில் அலசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பாருங்கள். விட்டுவிட்டு உறுமினால் எங்கோ அடைப்பு. உறுமாமல் சட்டென அணைந்தால் பெரும்பாலும் பேட்டரி. சில திருகுகளைக் கழற்றி நீங்களே மாற்றிவிடலாம். செத்த பேட்டரியோடு விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும்.

ஆனால் பையனுக்காக என்றால் பை வைத்த மெஷின்தான் என் கட்சி. டைசன் மாதிரிப் பையில்லாத மெஷினின் டப்பாவைக் கொட்டும்போது பறக்கும் தூசிதான் தும்மலைக் கிளப்பும். பை வைத்தவற்றில் ஜெர்மன் கம்பெனியான மீலே சத்தம் குறைவு, உறுதி, உதிரிபாகமும் கிடைக்கும்; விலைதான் கடிக்கும். ஹென்றியும் பை வைத்ததுதான், இங்கிலாந்தில் சாமர்செட்டிலுள்ள சார்டில் தயாராவது. வயர், ஹோஸ், மோட்டார் எல்லாம் தனித்தனியாக வாங்கிப் போடலாம். அழுக்குப் பிடித்த பழைய ஹென்றியைக்கூட யாராவது வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்! கார்ப்பெட்டில் முடி அதிகம் என்றால் மட்டும் சுழலும் பிரஷ் தனியாக வேண்டும்.

வாட்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம், 2017 முதல் புது மெஷின்களுக்கு 900 வாட்ஸ்தான் உச்சவரம்பு. பழையது வாங்கினால் வயரை முழுக்க இழுத்துப் பாருங்கள், அப்புறம் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கருகல் வாசனை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். நானாக இருந்தால் பழைய ஹென்றி, புதுப் பைகள், புது ஃபில்டர். மாடிப்படிக்கு உங்கள் வி8.